நான்காம் கட்டம்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பிள்ளையைக் கண்டால் இன்னும் சீக்கிரமாக வரும். ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று கேட்டால் மூச்சு விடாமல் நாலு வரி சொல்வார்கள். "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள். கூரையில் பல்லிதான் இருக்கும். அந்தக் கோபத்தில்தான் நான் அந்த நோட்டைக் கொண்டுவந்தேன்.

என் பெயர் எழில்மதி, ஊர் தியாகதுருகம். கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து எட்டு கிலோமீட்டர் மேலே, எட்டிப்பாறையில் இருக்கும் உண்டு உறைவிடப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வாரம் முழுக்கப் பள்ளியிலேயே தங்கல். வெள்ளிக்கிழமை பஸ் பிடித்தால் வீடு.

நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டம். முதல் கட்டத்தில், எனக்கு என்ன தெரியும். இரண்டாவதில், அது எப்படித் தெரியும்: கேட்டதா, படித்ததா, பார்த்ததா, செய்ததா. மூன்றாவதில், எத்தனை உறுதி, பத்துக்கு. நான்காவதில், எப்படிச் சரிபார்ப்பேன். காதால் கேட்டதற்கு ஐந்துக்கு மேல் போடக்கூடாது என்பது என் சட்டம். தானே செய்து பார்த்தால்தான் பத்து. அதிலும் ஒருவர் செய்து பார்த்தது போதாது, இரண்டு பேர் செய்து ஒரே விடை வர வேண்டும். இதைப் பலகையின் மூலையில் எழுதி, அழிக்கக்கூடாது என்று சுற்றிக் கோடும் போட்டுவைத்திருந்தேன்.

பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வெற்றிசெல்வன் என்று ஒரு பையன். எதைக் கேட்டாலும் "தெரியும் டீச்சர்" என்று எழுந்து நிற்பவன். பரீட்சைக்கு முன் எத்தனை மார்க் வரும் என்று எழுதச் சொன்னேன். நாற்பத்தைந்து என்று எழுதினான், பத்தொன்பது வந்தது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் தானாக வந்து, "டீச்சர், படிச்சது மறுபடி கண்ணுல பட்டா தெரிஞ்ச மாரியே இருக்குது. மூடி வெச்சுட்டு எழுதிப் பாத்தாதான் தெரியலன்னு தெரியுது" என்றான். எனக்குப் புல்லரித்துப்போனது. அதற்குப் பிறகு அந்த நோட்டுக்கு அவனைவிடப் பெரிய பக்தன் கிடையாது. எதையும் சோதித்துப் பார்க்காமல் விடமாட்டான்.

சங்கவி வேறு ரகம். பேசவே மாட்டாள். அவள் அப்பா கருப்பண்ணன், கீழே சவ்வரிசி மில்லுக்குப் போகும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி பயிரிடுகிறவர். எங்கள் பள்ளியில் மற்ற பிள்ளைகளின் வீடுகளில் சாமையும் ராகியும்தான், கிழங்குக்காரர் பெண் இவள் ஒருத்தி. முதல் வாரம் அவள் நோட்டில், "நாவல் மரத்தில் இடி விழாது. அப்பா சொன்னார். உறுதி 10" என்று எழுதியிருந்தாள். நான்காம் கட்டம் காலி.

அதை நான் வகுப்பில் உரக்கப் படித்தேன்.

"உங்கப்பா சொல்லிட்டா பத்தா? இடி இடிக்கும்போது மரத்தடியில நின்னு பாத்தியா நீ?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் ரப்பரை எடுத்துத் தேய்த்துத் தேய்த்து பேப்பரே கிழிந்துவிட்டது.

அந்த வருடம் மலையில் மழை இல்லை. தூறல்கூடப் போடாமல் வெறும் இடி மட்டும் இடித்துவிட்டுப் போகும். அப்படி ஒரு மதியம், விளையாட்டுத் திடலுக்கு அந்தப் பக்கம் நின்ற நாவல் மரம் இரண்டாகப் பிளந்தது. நான் விடுவேனா? மறுநாள் நாற்பது பேரையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய்க் கருகிய மரத்தைக் காட்டினேன்.

"சங்கவி, இப்போ எத்தனை உறுதி?"

"பூஜ்ஜியம் டீச்சர்."

"கெட்டிக்காரி" என்று முதுகில் தட்டினேன். அதன் பிறகு அப்பா சொன்னது எதற்கும் அவள் நாலுக்கு மேல் போட்டதே இல்லை. நான்காம் கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. இதுதான் வளர்ச்சி என்று மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பிய என் அறிக்கையில் எழுதினேன், அவள் பெயரைப் போட்டே எழுதினேன்.

அந்த அறிக்கையைப் படித்துவிட்டு, கள்ளக்குறிச்சியில் ஒரு வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் வந்து பேசச் சொன்னார்கள். பிள்ளைகளின் நோட்டுகளையும் எடுத்து வரச் சொன்னார்கள்.

அதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை, மில்லுக்குக் கிழங்கு ஏற்றிப் போன லாரி ஒன்று எங்கள் பள்ளி ஏற்றத்தில் திணறி நின்றுவிட்டது. பெரிய பையன்கள் தள்ளிவிட்டார்கள். டிரைவர் சந்தோஷத்தில் இரண்டு மூட்டை கிழங்கை இறக்கிவைத்துவிட்டுப் போனார். பிள்ளைகள் குதித்தார்கள். வார்டன் வெங்கடேசன் சாருக்கு ஆட்சேபணை இல்லை. சமையல்காரர் குஞ்சம்மாள் மணலூர்பேட்டைக்காரர், நெல்லும் கரும்பும் விளைகிற ஊர். "கெழங்குதானே, சுட்டுத் தின்னா நல்லாத்தான் இருக்கும்" என்று அவரும் சொன்னார்.

எனக்கு உடனே மூளை வேலை செய்தது. இதையே பாடமாக்கிவிட்டால் என்ன?

"நாளைக்கு ஒம்பது மணிக்குப் பின்பக்கம் நெருப்பு மூட்டி சுடுங்க. கிழங்கு வெந்துச்சுன்னு எப்படித் தெரியும்? குத்திப் பாத்தா, வாசனையா, நிறமா? எல்லாத்தையும் நோட்டுல எழுதுங்க. இன்னைக்கு ராத்திரியே, கிழங்கப் பத்தி உங்களுக்கு இப்போ இன்னா தெரியும்னு எழுதிக் குடுத்துடுங்க. நான் எடுத்துக்கினு போகணும்."

எழுதிக் கொடுத்தார்கள். கூட்டத்தில் பேச வேண்டியதைத் தயார் செய்கிற அவசரத்தில் நான் ஒன்றையும் பிரித்துப் பார்க்கவில்லை. காலையில் நாற்பது நோட்டையும் பையில் அடைத்துக்கொண்டு எட்டரை மணி பஸ்ஸில் ஏறினேன். வாசலில் எல்லோரும் கையசைத்தார்கள். சங்கவி மட்டும் ஏதோ சொல்ல வருவதுபோல இரண்டடி முன்னால் வந்தாள். பஸ் கிளம்பிவிட்டது. அன்று அவள் காலைக் கஞ்சி குடிக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

வெள்ளிமலையில் அரை மணி நேரம் நின்று பஸ் மலை இறங்க ஆரம்பித்தது. கூட்டத்தில் காட்ட நல்ல பக்கமாக நாலைந்து பொறுக்கலாம் என்று நோட்டுகளைப் பிரித்தேன். வெற்றிசெல்வன், "குத்தினால் குச்சி இறங்கணும். செய்தது. உறுதி 9" என்று எழுதியிருந்தான். நல்ல பையன். அடுத்தது சங்கவி. அவள் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் ஆடிக்கொண்டே படித்தேன்.

"வந்த மூட்டையில் இருப்பது மில் கிழங்கு. தின்கிற கிழங்கு இல்லை. நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்தோல் வெள்ளை. எங்கள் வீட்டில் தின்கிற கிழங்குக்கு உள்தோல் ரோஸ். மழை இல்லாத வருஷம் மில் கிழங்கைச் சுட்டுத் தின்றால் ஆள் செத்துப்போகும் என்று அப்பா சொல்வார்.

எப்படித் தெரியும்: கேட்டது.

எத்தனை உறுதி: 4.

எப்படிச் சரிபார்ப்பேன்: நாளைக்கு எல்லாரும் தின்பதற்கு முன்னால் நான் மட்டும் வெறும் வயிற்றில் ஒரு கிழங்கு தின்று ஒரு மணி நேரம் பார்ப்பேன். ஒன்றும் ஆகாவிட்டால் மற்றவர்கள் தின்னலாம்."

மறுபடி படித்தேன். கடைசி வரியை மூன்றாம் முறையும் படித்தேன். மணி ஒன்பதே முக்கால்.

"நிறுத்துங்க! வண்டிய நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர், "இன்னா டீச்சர், நட்ட நடு மலையில?" என்றார். நான் குதித்துவிட்டேன். போனில் ஒரு கோடுகூட இல்லை. வெங்கடேசன் சாருக்குப் போட்டேன், குஞ்சம்மாளுக்குப் போட்டேன், எதுவும் போகவில்லை. மேலே ஏறி நடக்க ஆரம்பித்தேன். நடந்தால் எப்போது போய்ச் சேர்வது? மணி பத்தாயிற்று. அங்கே கிழங்கு வெந்திருக்கும். பத்தேகால். இதுவரை எத்தனையோ சாமியைக் கிண்டல் செய்திருக்கிறேன். அன்று எல்லாச் சாமியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

பத்தரைக்கு ஒரு ஜீப் வந்தது. ஓட்டி வந்தவர் பெயர் சடையன், மலைக்காரர். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உள்தோலு வெள்ளையாங்க?"

"ஆமாங்க."

அவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். வளைவுகளில் ஹாரன்கூட அடிக்காமல் ஓட்டினார். அவர் ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். வெள்ளிமலையைத் தாண்டும்போது போனில் கோடு வந்தது; வெங்கடேசன் சாருக்கும் குஞ்சம்மாளுக்கும் மறுபடி போட்டேன், அடித்து அடித்து நின்றது, யாரும் எடுக்கவில்லை.

பள்ளிக்குள் நுழைந்தபோது பதினொன்று ஐந்து. ஒரு சத்தமும் இல்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கிற இடத்தில் சத்தமே இல்லை என்றால் அதைவிடப் பயம் வேறில்லை. பின்பக்கம் ஓடினேன்.

நெருப்பு அணைந்து சாம்பலாக இருந்தது. சுட்ட கிழங்குகள் வாழையிலையில் அடுக்கியபடி இருந்தன. ஒருவரும் தொடவில்லை. பிள்ளைகள் எல்லோரும் வட்டமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சங்கவி ஒரு சாக்கின் மேல் படுத்திருந்தாள். அவள் தலைமாட்டில் வகுப்பறைச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்; பாவாடை என்ற பையன் அது சாயாமல் பிடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வெற்றிசெல்வன், தாள்களைத் தைத்துச் செய்த புது நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.

வெங்கடேசன் சார் அரிசி வாங்கப் போய் அப்போதுதான் திரும்பி, வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். குஞ்சம்மாள் சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "இன்னா டீச்சர் திரும்பி வந்துட்டீங்க? பசங்க சத்தம் போடாம படிச்சிக்கினு இருக்குதுங்க" என்றார்.

சங்கவியைத் தூக்கினேன். உடம்பு தொய்ந்துபோயிருந்தது, சட்டையெல்லாம் வாந்தி. மூச்சு புஸ் புஸ்ஸென்று வேகமாக வாங்கியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோனேன்.

"டீச்சர்... இப்ப பத்து போடலாமா?"

அவளை மார்போடு அணைத்துக்கொண்டு ஜீப்புக்கு ஓடினேன். போகிற போக்கில் அந்த நேரக் குறிப்பு டாக்டருக்குத் தேவைப்படும் என்று தோன்றி, வெற்றிசெல்வன் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கினேன். அவன் விடவில்லை.

"டீச்சர், இன்னும் முடியல" என்றான்.

பிடுங்கிக்கொண்டேன். வெங்கடேசன் சாரும் ஜீப்பில் ஏறினார். குஞ்சம்மாள், "வெறும் வயித்துல சுட்ட கெழங்கத் தின்னா பித்தம் ஏறாம இன்னா பண்ணும்?" என்று ஜீப் பின்னாலேயே ஓடிவந்தார். "பசங்களப் பாத்துக்கங்க!" என்று கத்தினேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கூட உட்கார்ந்து கண்ணால் பார்த்த பிள்ளைகள், இனி அந்தக் கிழங்கை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். அதில் எனக்குப் பத்துக்குப் பத்து உறுதி.

வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் இருந்தது சின்ன வயது டாக்டர். வயிற்றைக் கழுவினார், ஆக்சிஜன் வைத்தார், ஊசி போட்டார், ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். நான் நோட்டைக் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"10.10 ஒரு கிழங்கு முழுசும் தின்றது. 10.25 ஒன்றும் இல்லை. 10.40 தலை சுற்றுகிறது என்கிறது. உறுதி 5. 10.50 வாந்தி. உறுதி 7. 10.55 கை நடுங்குகிறது. தண்ணீர் கேட்டது, கொடுக்கவில்லை, கொடுத்தால் விடை மாறிவிடும். 11.00 மூச்சு வேகம். உறுதி 8."

"யாருங்க எழுதுனது?" என்றார் டாக்டர். "இவ்வளவு தெளிவா நேரம் குறிச்சிருக்கறதால எனக்கு வேலை சுலபமாச்சு. மழை இல்லாத வருஷம் இந்தக் கிழங்குல விஷம் ஜாஸ்தி. தோலோட சுட்டா போகவும் போகாது. ஒண்ணோட நிறுத்துனதால பொழச்சா. இன்னொண்ணு தின்னிருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

பிழைத்தாள் என்ற அந்த ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன்.

கருப்பண்ணன் மதியம் வந்தார். யாரோ காட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள், கையில் மண்வெட்டியோடு அப்படியே வந்திருந்தார். கதவருகில் நின்று மகளைப் பார்த்தார். பிறகு என் முன்னால் வந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"டீச்சர், எனக்குப் படிப்பு கெடையாதுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எங்க வூட்டுல மூணு வயசுப் புள்ளைக்கே இந்தக் கெழங்கு ஆவாதுன்னு தெரியும். எம் பொண்ணுக்குத் தெரிஞ்சிருந்துச்சா, இல்லயா?"

"தெரிஞ்சிருந்துச்சுங்க" என்றேன்.

"தெரிஞ்சி ஏங்க தின்னுச்சு?"

நான் கூரையைப் பார்த்தேன்.

அவர் உள்ளே போய்விட்டார். மடியில் வெற்றிசெல்வனின் நோட்டு இருந்தது. டாக்டர் திருப்பிக் கொடுத்தது. ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. கையைச் சும்மா வைத்துக்கொண்டிருக்க முடியாமல் பக்கத்தைத் திருப்பினேன்.

அடுத்த பக்கத்திலும் எழுத்து இருந்தது. நான்கு கட்டமும் ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தான்.

"சங்கவிக்கு மயக்கம் வந்தது கிழங்காலா, வெறும் வயிற்றாலா என்று தெரியவில்லை. எப்படித் தெரியும்: பார்த்தது. கிழங்கால்தான் என்று எத்தனை உறுதி: 8 இல்லை, 6. ஒருவர் செய்து பார்த்தது போதாது.

எப்படிச் சரிபார்ப்பேன்: மதியம் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு இரண்டு பேர் தின்ன வேண்டும். நானும் பாவாடையும். நன்றாகத் தெரிய வேண்டும் என்பதால் ஆளுக்கு இரண்டு கிழங்கு. மணி 1.00."

சுவரில் மணி பார்த்தேன். ஒன்று நாற்பது.

வெங்கடேசன் சாரின் போனைப் பிடுங்கிப் பள்ளிக்குப் போட்டேன். இரண்டு தடவை அடித்து நின்றது. மூன்றாவது தடவை குஞ்சம்மாள் எடுத்தார்.

"பசங்க எங்க? வெற்றிசெல்வன் எங்க? கிழங்கு எங்க?"

"ஏன் டீச்சர் கத்துறீங்க? பொண்ணுக்கு எப்டி இருக்குது? இங்க ஒண்ணும் பயம் இல்ல. எல்லாம் சோறு தின்னுட்டு, பின்னாடி வட்டமா உக்காந்து எழுதிக்கினு இருக்குதுங்க. சத்தமே கெடையாது. நீங்க இருந்தாகூட இப்டி இருக்காதுங்க."

"வெற்றிசெல்வன்? அவனக் கூப்புடுங்க, போன அவன்கிட்ட குடுங்க!"

குஞ்சம்மாள் ஜன்னலைத் திறப்பது இங்கே கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"அவனும் பாவாடையும் நடுவுல படுத்துக்கினு இருக்குறானுங்க டீச்சர். காலைல இருந்து வெயில்ல கெடந்துதுங்க, தூங்கட்டும் விடுங்க."